அப்பாவுக்குப் பிறந்த நாள்

உங்கள் பிறந்த நாள் எது?

எங்கள் கற்போர் மையத்தில் ஒரு நாள் மாலை இந்தக் கேள்வியைக் கேட்டேன். 14 பேர் உட்கார்ந்திருந்தார்கள். 3 பேர் மட்டும் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். "பொறந்தது தெரியும். நாளு தெரியாது" என்றார் ஓர் அக்கா.

அந்த 14 பேரில் என் அம்மாவும் ஒருவர். ஆம், என் அம்மா என்னிடம்தான் எழுத்துப் படித்தார். நான் பிளஸ் டூ வரை படித்தவள். 2023ஆம் ஆண்டிலிருந்து இந்த மையத்தில் தொண்டராக இருக்கிறேன். வகுப்பில் மட்டும் அம்மா என்னை "டீச்சர்" என்பார். வீட்டுக்கு வந்ததும் "போ, அரிசியைக் களை" என்று விரட்டுவார்.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடைமடைப் பகுதியில் இருக்கிறது. கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேலே இருப்பவர்களின் வயல் நனைந்த பிறகுதான் எங்கள் வாய்க்கால் நனையும். எங்களுக்கு 2 ஏக்கர் நிலம். அப்பாவின் தாத்தா காலத்து நிலம். அப்பாவுக்கு வேறு தொழில் கிடையாது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். 2024ஆம் ஆண்டில் அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அதனால் அந்த ஆண்டு நாங்கள் குறுவை விதைக்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலையில் எழுந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவார். மறுபடி உட்காருவார்.

அப்போது என் தம்பி 11ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் இருந்தது. தம்பி அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"இதுல என்னம்மா எழுத? வேலை இல்லைன்னு எழுதவா?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. "ஆமாப்பா. அப்படியே எழுது" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வெளியே போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆகஸ்டு 11. விடியற்காலையில் மண்வெட்டியோடு அப்பா வயலுக்குப் போனார். தண்ணீர் வருவதற்குள் அண்டை வெட்டி வரப்பைச் சரி செய்ய வேண்டும். அம்மா தம்பியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். அதில் 60 பக்கம் காலியாக இருந்தது. முதல் பக்கத்தில் இப்படி எழுதினார்.

"11.8.2024. காலை 5 மணி போனார். 12 மணி வந்தார். மறுபடி 3 மணி போனார். இருட்டி வந்தார். வரப்பு வேலை."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. வீட்டுப் பாடம் எழுதுகிறார் என்று நினைத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம் என்று ஒரு நாள் கேட்டேன். "இதுல நீ திருத்த ஒன்னுமில்ல" என்று நோட்டை மூடிவிட்டார்.

அந்த நோட்டை நான் படித்தது ஓர் ஆண்டு கழித்து. அதில் இருந்ததில் கொஞ்சம் சொல்கிறேன். வயல் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. ஆனால் எழுத்தில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு பக்கம். "முறைத் தண்ணீர். ராத்திரி 1 மணி போனார். டார்ச் லைட்டு எரியவில்லை. 5 மணி வந்தார். பாம்பு பார்த்தாராம்." தண்ணீரை முறை வைத்து விடும்போது நம் முறை இரவில் வந்தால் இரவில்தான் போக வேண்டும். தூங்கினால் முறை போய்விடும். இப்படி 11 இரவுகள் நோட்டில் இருந்தன.

நவம்பர் 14ஆம் தேதி. "மழை. யூரியா 2 மூட்டை. ரோட்டில் இருந்து வயலுக்குத் தலையில் தூக்கினார். வரப்பு வழுக்கியது. ஒரு தடவை விழுந்தார். மூட்டையை விடவில்லை." ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. இரண்டு மூட்டை 90 கிலோ. இந்தத் தேதியை மறக்காதீர்கள். பிறகு வருகிறேன்.

நவம்பர் 26, 27. விடாத மழை. அதுதான் பிறகு ஃபெஞ்சல் புயலாக மாறியது. நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பயிர் தண்ணீரில் மூழ்கிவிட்டது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. அப்பாவும் பக்கத்து வயல்காரர்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை வாரிப் போட்டார்கள். "4 நாள். கால் வெந்து போச்சு. மஞ்சள் பத்துப் போட்டேன்" என்று அம்மா எழுதியிருக்கிறார்.

தண்ணீர் வடிந்த பிறகு புழு வந்தது. அப்பா மருந்து அடித்தார். ஒரு டேங்கு 16 லிட்டர். ஏக்கருக்கு 12 டேங்கு. 2 ஏக்கருக்கு எத்தனை லிட்டரை அவர் முதுகு சுமந்தது? நீங்களும் போட்டுப் பாருங்கள்.

12 × 2 = 24 டேங்கு
24 × 16 = 384 லிட்டர்

இதை இரண்டு தடவை அடித்தார். அப்படியென்றால் 768 லிட்டர். அதுவும் சேற்றில் நடந்துகொண்டே. (மருந்து அடிக்கிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். காற்று வீசும் பக்கம் பார்த்து எதிரே நிற்காதீர்கள். அடித்து முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பீடியைத் தொடாதீர்கள். அப்பாவுக்கு நான் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.)

ஜனவரியில் எலி. அப்பா மூங்கில் கிட்டி வைத்தார். மாத முடிவில் அறுவடை. மெஷின் அறுத்தது. நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டினார். எடை போடும் வரை நெல்லை விட்டு வர முடியாது. பனி இறங்கினால் நெல்லில் ஈரம் ஏறும். ஈரம் அதிகமானால் எடுக்க மாட்டார்கள். பகலில் காய வைக்க வேண்டும். இரவில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். 6 இரவு அப்பா அங்கேயே படுத்தார். 2025 பிப்ரவரி 6ஆம் தேதி எடை போட்டார்கள்.

அம்மா அந்தத் தேதியோடு நோட்டை நிறுத்தினார். ஆகஸ்டு 11 முதல் பிப்ரவரி 6 வரை 180 நாள். அதில் அப்பா வேலைக்குப் போகாதது 9 நாள். காய்ச்சல் 4 நாள், உறவில் ஒரு கல்யாணம் 2 நாள், அப்பாயியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது 1 நாள், தீபாவளி, பொங்கல். மீதி 171 நாள்.

அடுத்த பக்கத்தில் பணக் கணக்கு. இதை அம்மா பென்சிலால் எழுதியிருந்தார். பல தடவை அழித்து எழுதிய தடம் தெரிந்தது.

நெல் 60 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. மொத்தம் 2,400 கிலோ. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் சாதா நெல்லுக்கு 100 கிலோவுக்கு 2,405 ரூபாய் விலை. ஆக வரவு 57,720 ரூபாய்.

செலவு: உழவு 9,000. விதை 2,800. நாற்றுப் பறி, நடவு 13,000. களை 6,000. உரம் 8,500. மருந்து 4,000. அறுவடை மெஷின் 8,400. ஏற்றுக்கூலி, வண்டி 2,600. மொத்தம் 54,300 ரூபாய்.

மிச்சம் 3,420 ரூபாய்.

நல்ல ஆண்டாக இருந்தால் இன்னும் 1,000 கிலோவுக்கு மேல் கூடவே விளையும். இது வெள்ளம் வந்த ஆண்டு. நிவாரணம், காப்பீடு எதையும் அம்மா இதில் சேர்க்கவில்லை. "அது வேற கணக்கு. இது நெல்லு கணக்கு" என்றார்.

3,420 ரூபாயை 171 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 20 ரூபாய். நான் மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன். 20தான் வந்தது.

நம் நாட்டில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலம் வைத்திருப்போரில் 100க்கு 86 பேர் 2 எக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள். 2 எக்டேர் என்பது ஏறக்குறைய 5 ஏக்கர். ஆண்டுதோறும் டிசம்பர் 23ஆம் தேதியை உழவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அது முன்னாள் பிரதமர் சரண் சிங்கின் பிறந்த நாள். அவர் 1902ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். அவர் பிறந்த தேதி நமக்குத் தெரிகிறது. நம் வீட்டு உழவர் பிறந்த தேதி?

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன்.

2025இல் உழவர் அடையாள எண் பதிவு நடந்தது. அப்பாவின் காகிதங்களை எல்லாம் எடுத்து வைத்தேன். பார்த்தால் அப்பாவுக்கு இரண்டு வயது! ஆதாரில் 1.1.1976. பள்ளிச் சான்றில் 1.6.1977. வாக்காளர் அட்டையில், 2002 ஜனவரி 1 அன்று வயது 26.

ஏன் இப்படி? வயதை மட்டும் தோராயமாகச் சொன்ன பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவாகிவிட்டது. பள்ளிக் கதை வேறு. அந்தக் காலத்தில் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே விட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் 5 வயது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும். 5 வயது நிறைய வேண்டும் என்று ஜூன் 1ஆம் தேதியைப் போட்டுவிடுவார்கள். உங்கள் ஊரிலும் ஜூன் 1இல் பிறந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எண்ணிப் பாருங்கள்.

அப்பாயியிடம் கேட்டேன். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நன்றாக நினைவு இருந்தது.

"நாகப்பட்டினத்துப் பெரிய புயல் அடிச்சுதுல்ல, அதுக்கு மூணாம் நாளு. வீட்டுக்குக் கூரை இல்ல. மாட்டுக் கொட்டாய்ல பொறந்தான். திங்கக்கெழமை. மறுநா மாயவரத்துல கடைமுழுக்கு. நா போக முடியலேன்னு அழுதேன்."

அந்தப் புயல் 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. கைப்பேசியில் அந்த ஆண்டின் நாள்காட்டியைத் தேடினேன். நவம்பர் 12 சனிக்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள். மூன்றாம் நாள் திங்கட்கிழமைதான்! கடைமுழுக்கு என்பது ஐப்பசி மாதத்தின் கடைசி நாள் மயிலாடுதுறையில் காவிரியில் முழுக்குப் போடுவது. அந்த ஆண்டு அது நவம்பர் 15. எல்லாம் சரியாகப் பொருந்தியது. அப்பா பிறந்தது 14.11.1977. மூன்று காகிதத்திலும் இல்லாத தேதியை அப்பாயி மனத்தில் வைத்திருந்தார்.

இந்தத் தேதியை வைத்து ஆதாரை மாற்ற முடியாது. அதற்குச் சான்று வேண்டும். அதனால் உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஓர் ஆண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் ஆணை வாங்கித்தான் பதிய முடியும். அலைச்சல்.

14.11.1977 என்று நான் எழுதிக் காட்டினேன். அம்மா எதுவும் பேசவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தார். 14.11.2024 பக்கத்தைத் திருப்பினார். அப்போதுதான் அந்த நோட்டை முதன்முதலாக நான் பார்த்தேன். யூரியா 2 மூட்டை. வரப்பு வழுக்கியது. ஒரு தடவை விழுந்தார்.

"பொறந்த நாளு அன்னிக்கு விழுந்திருக்காரு. நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அம்மா.

2025 நவம்பர் 14 வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவுக்கு 48 வயது நிறைந்தது. அம்மா அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்க ஆசைப்பட்டார். "வெள்ளிக்கெழமை ஆம்பள எண்ணெய் தேய்க்கக் கூடாது" என்று அப்பாயி தடுத்துவிட்டார். அப்பா வழக்கம்போல 5 மணிக்கே வயலுக்குப் போய்விட்டார். அம்மா பாயசம் வைத்தார். பிறகு ஒரு கடிதம் எழுதினார்.

கடிதத்தின் தொடக்கத்தில் என்ன எழுதுவது என்று அம்மாவுக்குக் குழப்பம். அம்மா இதுவரை அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. கடைசியில் இப்படி எழுதினார்.

"பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம்.

இன்று உங்கள் பிறந்த நாள். நான் 180 நாள் எழுதி வைத்தேன். நீங்கள் 171 நாள் வேலை செய்தீர்கள். 11 ராத்திரி தண்ணீர் கட்டினீர்கள். 6 ராத்திரி நெல்லுக்குக் காவல் படுத்தீர்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை. எனக்கு அப்போதே தெரியும். எழுதிக் காட்டத்தான் முடியவில்லை. இப்போது எழுதிவிட்டேன். மழையில் மூட்டை தூக்க வேண்டாம். தம்பியைக் கூப்பிடவும். டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு"

அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார். கடித உறையின் மேல் அப்பாவின் பெயரை எழுதினார். வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுதிவிட்டார். ஒரு பிழைகூட இல்லை.

அப்பா 5ஆம் வகுப்பு வரை படித்தவர். திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். தம்பி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீ வந்த நாளை ஏன் எழுதல?"

அம்மா விழித்தார். "நா எங்க வந்தேன்?"

"நாத்துப் பறிச்சது யாரு? களை எடுத்தது யாரு? நெல்லு காயப் போடையில கூடவே நின்னியே, அது யாரு? சோறு தூக்கிட்டு வந்தது கணக்குல வராதா?"

இருவரும் உட்கார்ந்து நினைத்து நினைத்துச் சொன்னார்கள். நான் எழுதினேன். சோறு கொண்டு வந்ததை அம்மா சேர்க்க விடவில்லை. அதை விட்டுவிட்டே 64 நாள் வந்தது. 171உம் 64உம் 235. மிச்சப் பணம் அதே 3,420 ரூபாய்தான். தம்பி தானாக வந்து உட்கார்ந்து வகுத்தான். ஒரு நாளைக்கு 15 ரூபாய்கூட வரவில்லை.

"உன்னைச் சேத்தா என் கூலி கொறையுதே" என்று அப்பா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதற்குத்தான்.

இப்போது 2025 சம்பாவுக்குப் புது நோட்டு போட்டிருக்கிறோம். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் அப்பா, வலது பக்கம் அம்மா. அம்மா பக்கத்தை அப்பா எழுதுகிறார். அவருடைய எழுத்து கோணலாக இருக்கிறது. மையத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன். அறுவடை முடியட்டும் என்கிறார்.

அன்று மாலை பாயசம் குடிக்கும்போது தம்பி கேட்டான். "அம்மா, உனக்குப் பொறந்த நாள் எப்ப?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. தை மாதம் என்று மட்டும் தெரியும். அறுப்பு நடக்கும்போது பிறந்தாராம். எந்த ஆண்டு என்று ஆச்சியைக் கேட்கலாம் என்றால் ஆச்சி இறந்து 7 ஆண்டு ஆகிறது. அம்மா ஊரில் வயதான பெரியம்மா ஒருவர் இருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் அவரைப் பார்க்கப் போகிறோம்.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் ஒருவர் இன்று என்ன வேலை செய்தார்? எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மணிக்கு வந்தார்? 4 வரி எழுதுங்கள். நாளையும் எழுதுங்கள்.

மருந்து டேங்கு 16 லிட்டர். ஒருவர் 3 ஏக்கருக்கு மருந்து அடிக்கிறார். ஏக்கருக்கு 12 டேங்கு. மொத்தம் எத்தனை லிட்டர் சுமப்பார்?

உங்கள் ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். எந்தப் புயல், எந்த வெள்ளம், எந்தத் திருவிழா அவர்களுக்கு நினைவில் இருக்கிறது? அந்த ஆண்டில் பிறந்தவர்கள் யார் யார்?